காற்றாடிக்கு முன்பணம் கொடுக்கும் முன்

பணகுடி
ஆடி 9

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கரண்ட் எடுக்கிற காற்றாடி பற்றி நீ வாட்ஸப்பில் அனுப்பிய இரண்டு நோட்டீஸையும் நிதானமாகப் படித்தேன். நம் வீட்டு மாடியில் சோலார் இருக்கிறது, ராத்திரிக்குக் காற்றாடியும் வைத்துவிடலாம் என்று நீயும் மாப்பிள்ளையும் நினைப்பது நல்ல யோசனைதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் நம் தோட்டத்துப் பனையோலை இப்போது ராவும் பகலும் ஓயவில்லை.

ஆனால் அந்த முதல் நோட்டீஸ் வேண்டாம் மக்களே. செங்குத்தாக நின்று சுற்றுகிற காற்றாடி; ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம், 1 கிலோவாட் தரும் என்று போட்டிருக்கிறான். கீழே பொடி எழுத்தில் ‘விநாடிக்கு 12 மீட்டர் காற்றில்’ என்று இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒன்றரைச் சதுர மீட்டருக்குள் அந்தக் காற்று கொண்டுவருகிற மொத்த சக்தியே ஏறக்குறைய 1,500 வாட். அதில் நூற்றுக்கு 59-க்கு மேல் எந்தக் காற்றாடியும் பிடிக்க முடியாது. பெட்ஸ் என்ற ஜெர்மன்காரர் நூறு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். அப்படியானால் 900 வாட்கூட வராது. இவன் ஆயிரம் என்கிறான். முப்பந்தல் காற்றாலையில் 22 வருஷம் காற்றாடி ஏறி இறங்கியவன் நான், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இரண்டாவது பரவாயில்லை. ரெக்கை வட்டம் இரண்டரை மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 5 சதுர மீட்டர். கிலோவாட்டை விட்டுவிட்டு இதைத்தான் பார்க்க வேண்டும். இதுவும் 12 மீட்டர் காற்றுக்குத்தான் 1 கிலோவாட். காற்று பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். 6 மீட்டர் காற்றில் 125 வாட் என்று வைத்துக்கொள். அது நாள் முழுக்க வீசினால் மூன்று யூனிட். மாடியில் இருக்கிற சோலாரில் ஒரு கிலோவாட் பலகை ஒரு நல்ல வெயில் நாளில் அதைவிடக் கூடவே தரும்.

மாடியில் மட்டும் வைக்காதே. நேற்று சாயங்காலம் ஒரு பழைய சேலைக் கிழிசலை மூங்கிலில் கட்டி மொட்டைமாடியில் பிடித்தேன். கைப்பிடிச் சுவர் பக்கம் அது சுருண்டு, மேலும் கீழும் அடித்துக்கொண்டது. தோட்டத்து மேட்டில் பிடித்தபோது ஒரே திசையில் விறைப்பாக நின்றது. சுழல்காற்றில் கரண்டும் குறையும், பேரிங்கும் சீக்கிரம் தேயும். அந்த அதிர்வு சுவர் வழியாக இறங்கிப் படுக்கையறை வரைக்கும் கேட்கும். சுற்றி 500 அடிக்குள் இருக்கிற மரம், வீடு எல்லாவற்றையும்விட 30 அடி உயர்ந்த கம்பம் வேண்டும். பழுது பார்க்கச் சாய்த்து இறக்குகிற கம்பமாக இருந்தால் நல்லது. எர்த்திங் கட்டாயம்.

அப்புறம், பேட்டரிக்குப் போகிற கரண்டைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலரைப் பற்றி விற்கிறவனிடம் கேள். பேட்டரி நிரம்பினால் சோலாரைக் கழற்றிவிடலாம், பலகை சும்மா கிடக்கும். ஓடுகிற காற்றாடியிலிருந்து சுமையை எடுத்தால் அது கட்டுமீறிச் சுற்றும். மிச்சக் கரண்டைச் சூடாக்கித் தீர்க்க ஒரு ஹீட்டர் சுமை வேண்டும், பெருங்காற்றில் ரெக்கை தானாகத் திரும்பிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்லாதவனிடம் வாங்காதே.

இன்னொன்று. ஐப்பசி கார்த்திகையில் வெயிலும் இருக்காது, இந்தக் காற்றும் இருக்காது. அதனால் லைன் கரண்டை விட்டுவிடாதே.

நாகர்கோவிலில் ஒரு காற்றுமானி வாங்கி, மேட்டில் கம்பம் நட்டு மாட்டப் போகிறேன். தினம் மூன்று வேளை நோட்டில் எழுதி வைக்கிறேன். அடுத்த ஆடி வரைக்கும் கணக்கு கையில் இருக்கட்டும். அதுவரை முன்பணம் அனுப்ப வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லு. அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், பார்சலில் வரும்.

அன்புடன்,
அப்பா