ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பில் மெல்லிய ஊசி குத்துகிற அக்குபங்சர் சிகிச்சைக்கு நீயும் மீனாவும் சேர்ந்து போகலாமா என்று கேட்டிருந்தாய். போங்கள். அம்மாவின் பதில் அதுதான். ஆனால் எதற்காகப் போகிறீர்கள், எதை எதிர்பார்க்கக் கூடாது, எந்தப் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிட வேண்டும் என்பதையெல்லாம் போனில் அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனசில்லை, அதுவும் வீட்டில் யாராவது இருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்கவே முடிவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீளமாக இருந்தாலும் முழுக்கப் படி. மீனாவையும் படிக்கச் சொல்.

முதலில் குழந்தை விஷயம். இந்த ஊசியால் ஐவிஎஃப், அதாவது முட்டையை வெளியே எடுத்துக் கரு உண்டாக்கி உள்ளே வைக்கிற சிகிச்சை, பலிக்கும் வாய்ப்பு கூடுமா என்று என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர்கள் அனுப்பியதை உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். 2002இல் ஜெர்மனியில் 160 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. கரு வைப்பதற்கு முன்னும் பின்னும் அக்குபங்சர் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் கர்ப்பம் நின்றது, செய்யாதவர்களில் 26 பேருக்குத்தான். இதைக் கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? இந்தப் பேச்சு பெரிதாகப் பரவியதே அதற்கு அப்புறம்தான். ஆனால் அதில் இன்னொரு பக்கம் இருந்தவர்கள் சும்மா படுத்திருந்தார்கள், தங்களுக்கு எதுவும் செய்யவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். 2018இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களை வைத்துப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள், ஒரு பாதிக்கு உண்மையான ஊசி, மறுபாதிக்குத் தோலுக்குள் இறங்காத போலி ஊசி. குழந்தை பிறந்தது உண்மையான ஊசிக்காரர்களில் நூற்றுக்கு 18.3, போலி ஊசிக்காரர்களில் 17.8. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

மீனாவுக்கு பிசிஓடி (சினைப்பையில் நீர்க்கட்டி) இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சீனாவில், அக்குபங்சர் பிறந்த நாட்டிலேயே, அந்தப் பிரச்சினை உள்ள 1,000 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. முட்டை வளரக் கொடுக்கிற குளோமிஃபீன் மாத்திரை சாப்பிட்டவர்களில், கூட அக்குபங்சர் செய்தாலும் போலியாகச் செய்தாலும், நூற்றுக்கு 28, 29 பேருக்குக் குழந்தை பிறந்தது. மாத்திரை இல்லாமல் ஊசி மட்டும் என்றவர்களில் 14 பேருக்கு. ஊசியும் போலி, மாத்திரையும் போலி என்று இருந்தவர்களுக்கே 17 பேருக்கு நெருக்கமாகப் பிறந்திருக்கிறது. வேலை செய்தது மாத்திரை. அரச மரத்தைச் சுற்றி வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்பார்களே, அந்த நிலைமைக்கு மீனாவை யாரும் தள்ளிவிடக் கூடாது என்றுதான் இந்தக் கணக்கையெல்லாம் எழுதுகிறேன்.

அப்புறம் எதற்குப் போகச் சொல்கிறேன் என்று கேட்பாய்.

இந்த சிகிச்சை முழுக்க அவள் உடம்பில் நடக்கிறது, தம்பி. மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேன், அன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் வயிற்றில் ஊசி, நடுவில் மறுபடி மறுபடி ஸ்கேன், ரத்தம் எடுப்பது, முட்டை முதிர ஒரு ஊசி, அது போட்டு 34, 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டையை எடுப்பது, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கருவை உள்ளே வைப்பது, அதற்கு அப்புறம் கரு தங்க உதவுகிற புரோஜெஸ்டிரோன் ஊசி இடுப்பில். எண்ணெயில் கலந்த மருந்து அது, போட்ட இடம் கட்டிக்கொள்ளும், உட்கார முடியாது. எத்தனையோ பெண்களுக்கு என் கையால் போட்டிருக்கிறேன், அந்த வலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். உன் பங்குக்கு நீ கொடுக்க வேண்டியது ஒரே ஒரு விந்து சாம்பிள். உன் ரிப்போர்ட்டிலும் விந்தணு எண்ணிக்கை குறைவு என்றுதான் எழுதியிருக்கிறது, குழந்தை நிற்காத தம்பதிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது, ஆனாலும் ஊசி எல்லாம் அவளுக்கு, "விசேஷம் உண்டா" என்ற கேள்வியும் அவளுக்கு.

அதனால்தான், மீனா உன்னையும் கூப்பிடுகிறாள் என்று நீ சொன்னதும் எனக்கு அது சரி என்று பட்டது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ரெண்டு பேரும் படுத்து, உனக்கும் குத்தி, அவளுக்கும் குத்தி, அரை மணி நேரம் போன் இல்லாமல் கிடப்பீர்கள். ரெண்டு பேருக்கும் சமமாக நடக்கிற ஒரே விஷயம் இப்போதைக்கு அதுவாகத்தான் இருக்கும். குழந்தை வேண்டுகிறவர்களுக்குத் திருக்கருகாவூர் அம்மன் கோயிலில் கொடுக்கிற நெய்யைப் பார், 48 நாள் கணவனும் மனைவியும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் அங்கே முறை. உங்க அத்தை அந்த டப்பாவை மீனா கையில் மட்டும் கொடுத்து "நீ சாப்பிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இன்னொன்று. போன தடவை நெகட்டிவ் என்று வந்ததும் எத்தனை பேர் அவளிடம் "டென்ஷன் ஆகாம இருந்தா தானா நிக்கும்" என்று சொன்னார்கள்! அக்குபங்சர் செய்கிறவரும் அதையே சொல்லலாம், மன அழுத்தத்தால்தான் நிற்கவில்லை, அழுத்தத்தைக் குறைத்துவிட்டால் நின்றுவிடும் என்று. 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதியிருந்தார்கள், மொத்தம் 3,500 பெண்களுக்கு மேல். சிகிச்சைக்கு முன்னால் கவலையோடும் மன உளைச்சலோடும் இருந்தவர்களுக்கும், அப்படி இல்லாதவர்களுக்கும், அந்தச் சுற்றில் கர்ப்பம் நிற்பதில் வித்தியாசம் தெரியவில்லை. அவள் அழுததால் கரு தங்காமல் போகவில்லை. இதை நீ உன் வாயால் அவளிடம் சொல்லு, நான் எழுதியதைக் காட்டுவதோடு நிறுத்தாதே. அவள் மனசு லேசாக வேண்டும் என்பது அவளுக்காக, அவள் நன்றாகத் தூங்க வேண்டும், சாப்பாடு இறங்க வேண்டும் என்பதற்காக. குழந்தை வரும் என்பதற்காக அவள் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

ஊசியைப் பார்த்து நீ பயப்படுவாய், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நான் முழங்கால் வலிக்குப் போய்ச் செய்துகொண்டேனே, அதனால் சொல்கிறேன். நாம் மருந்து ஏற்றுகிற ஊசிக்கு நடுவில் துளை இருக்கும், இதற்குத் துளை கிடையாது, மருந்தும் எதுவும் போகாது, தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான். குத்தும்போது எறும்பு கடித்தது போல, அப்புறம் உள்ளே ஒரு கனம், சில இடத்தில் கரண்ட் ஓடுவது மாதிரி. பொறுக்க முடியாத வலி எதுவும் இல்லை. வலித்தால் வாயைத் திறந்து சொல், எடுத்துவிடுவார்கள்.

இப்போது இடம் பார்ப்பது. 2019இல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது, சரி, ஆனால் போர்டு மாட்டியிருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே அளவு படித்தவர்கள் கிடையாது. நம் ஊர்ப் பக்கம் நாடி பார்த்துவிட்டு ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அதிலும் ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் எங்கே வருகிறது என்றால் "இங்கிலீஷ் மருந்தை எல்லாம் நிறுத்துங்க, ஸ்கேன் எடுக்காதீங்க, உடம்பே சரி பண்ணிக்கும்" என்று ஆரம்பிக்கிற இடத்தில். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிடுங்கள், கொடுத்த பணத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். மீனா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள். தைராய்டு அளவு ஏறி இறங்கினால் கரு நிற்பதிலும் சிக்கல், நின்ற பிறகும் சிக்கல். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் அப்படித்தான், கரு உருவாகும் முன்னாலிருந்தே உடம்பில் இருக்க வேண்டும், குழந்தையின் தண்டுவடம் ஒழுங்காக மூட அது தேவை. இந்த ரெண்டையும் யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. சூரணம், கஷாயம் என்று கூடவே ஏதாவது கொடுத்தால், ஐவிஎஃப் டாக்டரிடம் காட்டாமல் ஒரு ஸ்பூன்கூட உள்ளே போகக் கூடாது.

ஊசி உங்கள் கண் முன்னால் உறை பிரித்து எடுக்க வேண்டும், ஒரு தடவைதான் பயன்படுத்த வேண்டும். இதில் எந்தச் சமாதானமும் ஒத்துக்கொள்ளாதே. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரினோ ஆஸ்பிரினோ எழுதியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முட்டை எடுத்த பிறகு சினைப்பை வீங்கியிருக்கும், அந்தச் சமயத்தில் அடிவயிற்றில் ஊசி வேண்டாம். கரு வைத்த பிறகு போவதாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற புள்ளி, கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் இருக்கிற புள்ளி, இந்த மாதிரி சில இடங்களைக் கர்ப்பிணிகளுக்குத் தொடக் கூடாது என்று அவர்கள் முறையிலேயே இருக்கிறது. கேட்டுப் பார், தெரியாமல் விழித்தால் அந்த ஆள் வேண்டாம். பத்து சிட்டிங்குக்கு மொத்தமாக முன்பணம் கட்டச் சொன்னாலும் வேண்டாம், அவ்வப்போது கொடுத்துக்கொள்ளுங்கள், ஏற்கனவே லட்சக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது.

கரு வைக்கிற அன்றைக்கே முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை செய்ய வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். ஐவிஎஃப் மையத்திலேயே வந்து செய்கிறார்கள் என்றால் சரி. அதற்காகப் பெருங்குடியிலிருந்து அண்ணா நகருக்கு அந்த டிராஃபிக்கில் அவளை அலைய வைக்காதே. அன்று போகாததால் எதுவும் கெட்டுவிடாது. அப்புறம் அவள் நாள் கணக்கில் படுக்கையிலேயே கிடக்கவும் வேண்டாம், அதனால் பலன் இல்லை என்று பார்த்துவிட்டார்கள், வீட்டுக்குள் நடமாடலாம்.

உனக்குத் தனியாக ஒன்று. ஊசி போட்டால் உன் எண்ணிக்கை ஏறும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பி அதோடு விட்டுவிடாதே. விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகிறது, அதனால் இன்று நீ சிகரெட்டை விட்டால் அதன் பலன் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். விட்டுவிடு. குறைத்துக்கொள்வதாகச் சொல்லாதே. லேப்டாப்பை மடியில் வைத்து வேலை பார்க்காதே. ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால் கிட்டவே போகாதே, வெளியிலிருந்து அது வந்தால் உடம்பு விந்தணு உண்டாக்குவதையே நிறுத்திவிடும், உடம்பு தேற என்று போட்டுக்கொண்டு நிறைய பையன்கள் இதில் மாட்டியிருக்கிறார்கள். விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டிருக்கிறதா என்று ஆண்களுக்கான டாக்டர் ஒருவரிடம் காட்டு. மீனாவுக்கு இத்தனை பரிசோதனை ஆகியிருக்கிறது, உன்னை ஒரு டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தாரா என்று நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

சித்தி மகள் வளைகாப்புக்கு மீனா வர வேண்டாம். வர வேண்டும் என்று அவளுக்கே தோன்றினால் வரட்டும், என் பக்கத்தில் உட்காரட்டும், வளையல் போட அவளைக் கூப்பிடவில்லை என்றால் நானும் போடப் போவதில்லை என்று சித்தியிடம் சொல்லிவிட்டேன். வராவிட்டால் கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கரு வைக்கிற தேதி தெரிந்ததும் சொல். கூட இருக்க வேண்டும் என்று மீனா நினைத்தால் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி வந்துவிடுவேன், நீங்கள் ரெண்டு பேர் மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்தால் அதையும் தயங்காமல் சொல்லச் சொல், எனக்கு வருத்தம் வராது. அவளுடைய கடைசி தைராய்டு ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பு, மாத்திரையின் அளவை மாற்றினார்களா என்று பார்க்கணும்.

அன்புடன்,
அம்மா