பிள்ளை வளர்த்தவளுக்குப் பொன்னுருக்கில் இடமில்லையா?

யாழ்ப்பாணத்து ஆலய பரிபாலன சபைகளின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஊரின் நன்மை தீமைகளில் உங்கள் சபைகளின் சொல்லுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. போர் நம் தாய்மாரிடம் எதைக் கேட்டது, அது முடிந்தபின் ஊர் அவர்களுக்கு எதை மறுத்து வருகிறது என்பதை உங்களிடமே முறையிடுவது பொருத்தம் என்று கருதி இதை எழுதுகிறேன்.

போருக்கு முந்திய யாழ்ப்பாணம் நல்ல தாயை வேலிக்கு உள்ளே வைத்தே அளந்தது. ஆசிரியைகளும் வைத்தியர்களும் அக்காலத்திலும் இருந்தார்கள். ஆயினும் அரச செயலகமான கச்சேரியில் மனுக் கொடுப்பதும் அதிகாரிகளோடு வாதாடுவதும் வீட்டு ஆண்களின் காரியங்களாகவே இருந்தன. இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகக் கைது செய்யப்பட்ட 1980களில் அந்த ஒழுங்கு நிலைக்கவில்லை. தேடிப்போகும் தகப்பனும் தமையனும் தாமே பிடிபடலாம் என்ற நிலையில், இராணுவ முகாம் வாசலுக்குத் தாயே போனாள். 1984இல் அன்னையர் முன்னணி உருவாகி, தாய்மார் ஊர்வலமாகச் சென்று அரசாங்க அதிபரிடம் தம் பிள்ளைகளின் விடுதலையைக் கேட்டார்கள். தாய்மை அவர்களுக்குத் தெருவைத் திறந்துவிட்டது. ஆனால் தெருவில் தாயாக மட்டுமே பேசலாம் என்ற வரம்பையும் அதே தாய்மை இட்டது என்பதை நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகளில் இந்த இலட்சியம் பல திசைகளில் இழுபட்டது. 1987 ஒக்டோபரில் கோப்பாயில் விடுதலைப் புலிகளின் பெண் போராளி மாலதி களத்தில் விழுந்தபின், ஆயுதம் ஏந்தும் மகளையும் அவளைப் பெற்றவளையும் ஊர் வீரத்தின் பெயரால் போற்றியது. 1988 மார்ச் 19 அன்று மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலய முன்றலில், இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் கேட்டு உண்ணாநோன்பு தொடங்கிய பூபதி, பத்துப் பிள்ளைகளின் தாய்; ஏப்ரல் 19 அன்று உயிர் நீத்தார். 1989 செப்டெம்பர் 21 அன்று சுடப்பட்ட ராஜனி திராணகம, யாழ். பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர், இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். எல்லாத் தரப்பினரின் வன்முறையையும் கேள்வி கேட்ட அவரைப் போன்ற தாய்க்கு, நாம் கட்டியெழுப்பிய படிமங்களில் எங்கே இடம் இருந்தது?

பெயர் அறியப்படாதவர்களின் கதையோ இவற்றிலும் பெரியது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில் வீட்டை நடத்தியவர்களும், பிள்ளைகளோடு கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்தவர்களும், ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் இறுதியில் முதியோரைச் சைக்கிளில் ஏற்றிச் செம்மணி வெளியைத் தாண்டியவர்களும் அவர்களே. கணவன் காணாமற்போனவளின் பாடு இன்னும் கடினம். சீதனமாக வந்த வீடும் காணியும் அவள் பெயரிலேயே இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வரும் மணமான பெண் அவற்றை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்திருந்தது. அவன் எங்கே என்று தெரியாதவள் அந்தச் சம்மதத்துக்காக மாவட்ட நீதிமன்றம் போக வேண்டியிருந்தது; இல்லையேல் இறப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருந்தது. உயிரோடு இருப்பான் என்று காத்திருப்பவளிடம் அதைக் கேட்பதைப்போல் கொடுமை வேறில்லை. காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெறும் வழி 2016இல்தான் சட்டமானது.

இத்தனையையும் சுமந்து, தனியே பிள்ளை வளர்த்து, படிப்பித்து ஆளாக்கிய தாய், தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான மகனின் பொன்னுருக்கு அன்று அறைக்குள் ஒதுங்கி நிற்கிறாள். ஆலத்தி எடுக்க உறவில் ஒரு சுமங்கலியைத் தேடுகிறார்கள். கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் ஊன்றும்போதும் அவள் பின்வரிசையில்தான். எவரும் அவளைப் போகச் சொல்வதில்லை; அவளாகவே விலகிக்கொள்வாள் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். போராளியாக இருந்து, போர் முடிந்த 2009க்குப் பின் வீடு திரும்பிய பெண்களுக்கும், அன்று புகழ்ந்த அதே ஊர் வரன் கொடுக்கத் தயங்கியது. தேவைப்பட்ட காலத்தில் விரிந்த இலட்சியம் தேவை தீர்ந்ததும் பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு.

கோயில்களுக்கு இதில் தனிக் கடமை உண்டு. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று போராட்டம் தொடங்கியதும் கந்தசுவாமி கோவில் முன்றலில்தான். முன்றலில் அமர்ந்து அழ அவர்களை அனுமதித்த நாம், உள்ளே முடிவெடுக்கும் இடத்தில் அவர்களை இருத்தினோமா? உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு இடத்தைச் சட்டம் ஒதுக்கியபின்னும், பல பரிபாலன சபைகளில் பெண்ணின் பெயரைக் காண்பது அரிது.

ஆகவே மூன்றைக் கேட்கிறேன். உங்கள் மண்டபத்திலும் சந்நிதியிலும் நடக்கும் மங்கல நிகழ்வுகளில் கணவனை இழந்த தாய் முன்னின்று எல்லாவற்றையும் செய்யலாம் என்று சபைத் தீர்மானமாக எழுதி அறிவியுங்கள். குருமாரிடமும் அதைப் பேசுங்கள்; ஆலத்தித் தட்டை அவள் கையில் கொடுக்கும் முதல் ஆள் குருக்களாக இருந்தால் ஊர் மறுத்துப் பேசாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் யாப்பைத் திருத்தி, பெண்களை, குறிப்பாகக் குடும்பத்தைத் தனித்து நடத்தும் பெண்களை, வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாக நிர்வாகத்தில் சேருங்கள்.

இவ்வண்ணம்,
ஊர்ப் பெண் ஒருத்தி
யாழ்ப்பாணம்