ஓவன் இல்லாத வீட்டுக்கும் பிளாக்பெர்ரி குறிப்பு போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பிளாக்பெர்ரி காப்ளர், அதாவது பழத்தின் மேல் மாவு போட்டுச் சுடுகிற பலகாரத்தின் செய்முறை போட்டிருந்தீர்கள். படம் பிரமாதம், செய்முறைதான் யாருக்காக எழுதியது என்று புரியவில்லை. முதல் வரியிலேயே ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்கிறீர்கள், அடுத்த வரியில் புதிதாகப் பறித்த பிளாக்பெர்ரி நான்கு கப். கடலூரில் அதை எந்தச் செடியில் போய்ப் பறிப்பது? இப்படிக் கேட்பதால் வெளிநாட்டுப் பலகாரமே வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் இதைச் செய்கிறோம், பண்ருட்டிப் பக்கம் மச்சானின் முந்திரித் தோப்பில் ராத்தங்கும்போதும் செய்கிறோம். நம்மிடம் இருக்கும் பாத்திரமும் அடுப்பும் இதற்குத் தாராளமாகப் போதும், அந்த வழியை நீங்கள் போடவில்லை என்பதுதான் என் குறை.

பழத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பிளாக்பெர்ரி பறித்த பிறகு பழுக்காது, செடியிலேயே நன்றாகக் கறுத்த பின்தான் பறிக்க வேண்டும், பறித்தால் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சில நாள்தான் தாங்கும். அதனால் நம் ஊருக்கு உறையவைத்த பாக்கெட்தான் சரி. புதுச்சேரியில் பெரிய கடைகளின் ஃப்ரீசரில் தேடினால் கிடைக்கும், சில சமயம் வேறு பெர்ரிகளோடு கலந்த பாக்கெட்தான் இருக்கும், அதுவும் பரவாயில்லை. விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் வேகவைக்கப் போகிற பழத்துக்கு உறைந்தது, புதியது என்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது. வெளியே வைத்து உருக விடாமல் அப்படியே பாத்திரத்தில் கொட்டுங்கள், உருகவிட்டால் சாறெல்லாம் கவரிலேயே தங்கிவிடும்.

ஊட்டி, கொடைக்கானல் போனவர்கள் வேலியோர முள்செடிகளில் மஞ்சளாகவும் கருநீலமாகவும் குட்டிக் குட்டி மணிகள் சேர்ந்தாற்போல் பழம் பார்த்திருப்பார்கள். அவையும் பிளாக்பெர்ரியின் ரூபஸ் என்ற தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவைதான். அதைப் பறித்தால் உள்ளே குழியாக இருக்கும், பிளாக்பெர்ரியில் நடுத்தண்டு பழத்தோடேயே வந்துவிடும். சமைக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதல் தடவை நான் பாக்கெட்டைப் பிரித்தபோது எங்கள் அத்தை, "ஏன் மாப்பிள்ளை, இவ்வளவு காசு கொடுத்து வாங்கி அதுல எலுமிச்சம்பழம் வேற புழியணுமா? நாவப்பழம் போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனி, ஆடியில் சாலையோரக் கூடைகளில் நாவல்பழம் குவிந்து கிடக்கிறபோது அதையே போடலாம், கொட்டையை எடுத்துவிட்டு, துவர்ப்புக்குக் கொஞ்சம் சர்க்கரை கூட்டினால் போதும். ருசி வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓவன் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது காப்ளர் அல்ல, பழத்தின் மேல் உதிரி மாவு தூவுகிற கிரம்பிள். குக்கரில் வெயிட்டும் கேஸ்கெட்டும் எடுத்துவிட்டு, அடியில் மணலோ உப்போ பரப்பி காப்ளர் செய்யலாம், மாவு வெந்தும்விடும், ஆனால் மேல்பக்கம் சிவக்காமல் வெளிறிக் கிடக்கும். கிரம்பிளில் அந்தத் தொல்லை இல்லை, மேலே போடுவதைத் தனியாக வாணலியில் வறுத்துக்கொள்ளலாம். நூறு கிராம் கோதுமை மாவைச் சிறு தீயில் வாசம் வரும்வரை வறுங்கள், கைவிடாமல் கிளற வேண்டும். அறுபது கிராம் வெண்ணெயும் ஒரு கைப்பிடி உடைத்த முந்திரியும் போட்டு, மாவு பொன்னிறமானதும் அடுப்பை அணைத்துவிட்டு ஐம்பது கிராம் நாட்டுச்சர்க்கரையைத் தூவிக் கலந்தால் சூட்டிலேயே கட்டி கட்டியாகத் திரளும். முந்திரி முழுப்பருப்பாக வாங்க வேண்டியதே இல்லை, பண்ருட்டியில் உடைசல் மலிவு, இதற்கு அதுதான் பொருத்தமும் கூட. இன்னொரு பாத்திரத்தில் நானூறு கிராம் பழம், எண்பது கிராம் சர்க்கரை, தண்ணீரில் கரைத்த ஒன்றரை டீஸ்பூன் சோளமாவு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. சோளமாவு போட்ட பிறகு நன்றாகக் கொதிக்க வேண்டும், குழம்பிய நிறம் மாறிப் பளபளவென்று ஆனால் சரி, அதற்கு முன் இறக்கினால் பச்சை மாவு வாடை அடிக்கும். பழத்தைக் கிண்ணங்களில் ஊற்றி, பரிமாறும்போது மட்டும் வறுத்ததைத் தூவுங்கள், முன்கூட்டியே தூவினால் ஊறிப்போகும். விதை பல்லில் படுவது பிடிக்காதவர்கள் பாதிப் பழத்தை வடிகட்டிக்கொள்ளலாம், நான் செய்வதில்லை. பாத்திரம் மட்டும் எவர்சில்வராக இருக்கட்டும், புளிப்புப் பழத்தை அலுமினியத்தில் காய்ச்ச வேண்டாம்.

உங்கள் செய்முறையில் தயிரும் சமையல் சோடாவும் போட்டு மாவு பிசையச் சொல்லி, சோடா அளவை விட்டுவிட்டீர்கள். இந்தப் பழத்தின் நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது, புளிப்பு இருந்தால் சிவக்கும், சோடாவின் காரத்தன்மை ஏறினால் நீலத்துக்குப் போகும். சோடா மிஞ்சினால் மாவு பழச்சாற்றைத் தொடுகிற விளிம்பு நெடுகச் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு கோடு விழும், வெட்டி வைத்தால் பூசணம் பிடித்தது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். கெட்டுப்போனதல்ல, தின்னலாம், ஆனால் யார் வாயில் வைப்பார்கள்? நூற்றைம்பது கிராம் மைதாவுக்குக் கால் டீஸ்பூன் சோடாவுக்கு மேல் போக வேண்டாம், அல்லது ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் தோப்பு. வெளியே கூடாரம் போட்டுத் தங்கும்போது அமெரிக்காவில் மூன்று கால் வைத்த கனமான இரும்புச் சட்டியில், விளிம்பு தூக்கிய மூடி போட்டு, மூடி மேலும் தணல் வைத்து காப்ளர் சுடுகிறார்கள். டச்சு ஓவன் என்று பெயர். பிரியாணிக்குத் தம் போடுகிற நம் ஆட்களுக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. நாங்கள் பழக்கிய இரும்புச் சட்டியை மூன்று செங்கல் மேல் வைத்து, கொட்டாங்கச்சிக் கரியில் தணல் உண்டாக்கி, கீழே ஒரு பங்கு மேலே இரண்டு பங்கு என்று போடுகிறோம். கீழே அதிகமானால் பழத்திலிருக்கிற சர்க்கரை அடிபிடித்துக் கசக்கும். கடல்காற்று ஒரே பக்கமாக அடிக்கும், அதனால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் மாவு வெந்துவிடும். மூடியைத் திறக்கும்முன் சாம்பலை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தூக்குங்கள், அவசரப்பட்டால் மொத்தச் சாம்பலும் உள்ளே. மாவு, சர்க்கரை, பேக்கிங் பவுடரை வீட்டிலேயே கலந்து கவரில் கட்டிக்கொண்டு போனால் அங்கே வெண்ணெயும் பாலும் சேர்த்தால் போதும். பழம் ஐஸ் பெட்டியில் சாயங்காலத்துக்குள் பாதி உருகியிருக்கும், பரவாயில்லை, அந்தச் சாற்றையும் சேர்த்தே ஊற்றுங்கள்.

முந்திரித் தோப்பில் கிடைக்கிறதே என்று முந்திரிக்கொட்டை ஓட்டை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். அந்த ஓட்டிலிருக்கும் எண்ணெய் தோலைப் பொத்துவிடும், அதன் புகை கண்ணை எரிக்கும், அதில் வெந்த பலகாரத்தைச் சாப்பிடவும் கூடாது. காய்ந்த முந்திரிச் சருகு குபீரென்று பிடிக்கும், சுற்றிலும் நன்றாகக் கூட்டிவிட்டு, ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் நெருப்பு. இதெல்லாம் சொந்தத் தோப்பிலோ உரிமையாளர் அனுமதித்த இடத்திலோ மட்டும்தான். கல்வராயன் மலை, ஏற்காடு என்று கிளம்பும் பையன்கள் காப்புக்காட்டுக்குள் அடுப்பு மூட்டுவதைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது இதற்குள் மறந்துவிட்டதா? முகாம் சமையல் குறிப்பு போடும்போது இதற்கும் நான்கு வரி ஒதுக்குங்கள்.

அடுத்த முறை கப் கணக்கை விட்டுவிட்டு கிராமில் அளவு போடுங்கள், எங்கள் வீட்டில் ஒரு கப் போல இன்னொரு கப் இல்லை. ஓவன் நேரத்துக்குப் பக்கத்திலேயே குக்கர் நேரத்தையும் போடுங்கள். நாவல்பழ வகையை எப்படியாவது ஆனி பிறப்பதற்குள் போட்டுவிட்டால் நல்லது, போன வருடம் நீங்கள் நாவல்பழ ஜாம் போட்டபோது சந்தையில் ஒரு பழம்கூட இல்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.