நாற்றம் நின்றதும்தான் ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செப்டிக் டேங்கில் இறங்கியவர் இறந்துபோன செய்தி வரும்போதெல்லாம், காரணம் 'விஷவாயு தாக்கி' என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறது. நான் திண்டுக்கல்லில் 17 வருடமாகக் கழிவுநீர் லாரி ஓட்டுகிறேன். அதற்கு முன்பு கொத்தனார். இப்போது லாரியோடு போய் நிற்கிற தொட்டிகளில் சில, நானே கட்டியவை. அந்த இரண்டு சொல்லைப் படிப்பவருக்கு வாயு எங்கிருந்தோ வந்து தாக்கியது போலத் தோன்றும். அப்படியில்லை. நம் வீட்டுத் தொட்டிக்குள், நம் கழிவிலேயே, அது அன்றாடம் உண்டாகிறது.

தொட்டியைத் திறந்தால் மேலே எண்ணெயும் சோப்பும் சேர்ந்து ஆடை கட்டியிருக்கும். நடுவில் கலங்கல் தண்ணீர், அடியில் கசடு. காற்றுப் படாத அந்தக் கசட்டில்தான் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. ஒரு கூட்டம் மலத்தைக் கரைத்துப் புளிக்கவைக்கும். அந்தப் புளிப்பை வேறொரு கூட்டம் தின்று மீத்தேனாக மாற்றும். இந்த இரண்டாவது கூட்டம் மெதுவாக வளர்வது, கொஞ்சத்துக்கே வாடிவிடும். கழிப்பறையில் பாட்டில் பாட்டிலாக ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கொட்டினால் முதலில் அடிபடுவது அதுதான். அப்புறம் கசடு எப்படிக் கரையும்? "சுத்தமாத்தானே வெச்சிருக்கோம், ஏன் சீக்கிரம் நிறையுது?" என்று கேட்கிற வீடுகளில் கழிப்பறை ஓரம் வரிசையாக ஆசிட் பாட்டில்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பது போல, அது சல்பேட் என்ற கந்தக உப்பை வைத்துப் பிழைக்கிறது. சல்பேட் சிறுநீரில் உண்டு, சோப்புத்தூளில் உண்டு, பல இடங்களில் போர் தண்ணீரிலும் உண்டு. அதைத் தின்றுவிட்டு அது வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் என்கிறோமே, அதுதான். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தங்கும். என் வெள்ளி மோதிரம் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு கருத்துப்போனது. திருநீறு போட்டுத் தேய்த்தாலும் நான்கு நாளில் மறுபடி கருக்கும்.

தொட்டியை மூடியிருக்கும் கான்கிரீட் சிலாப்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். அந்த வாயுவில் கொஞ்சம் மேலேயும் வந்து சிலாப்பின் ஈரத்தில் ஒட்டும். அங்கே இருக்கும் வேறு நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்கிவிடும். சென்ற மாதம் ஒரு வீட்டில், பல வருடமாகத் திறக்காத சிலாப்பைக் கடப்பாரையால் நெம்பினோம். மேலே டைல்ஸ் ஒட்டி, துளசி மாடம் வைத்து, பளபளவென்று இருந்தது. அடியில் விரலை வைத்தால் ஈர மாவு போல வெள்ளையாக உதிர்ந்தது. கம்பிகள் வெளியே தெரிந்தன, அதில் ஒன்று துருப்பிடித்து அறுந்தே போயிருந்தது. அந்தச் சிலாப்பின் மேல்தான் அந்த வீட்டுக் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

2012-இல் நடந்ததைச் சொல்கிறேன். தண்ணீரை உறிஞ்சி முடித்தோம். அடிக் கசடு களிமண்ணாக இறுகிக் கிடந்தது, ஹோஸில் ஏறவில்லை. "முழுசா எடுத்தாத்தான் காசு" என்றார் வீட்டுக்காரர். என்னோடு வந்த பையன் ஏணி போட்டு இறங்கினான். நானும் தடுக்கவில்லை. மூடி திறந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதே, வாயு போயிருக்கும் என்று நினைத்தேன். மண்வெட்டியால் கசட்டைக் கிளறினான். "நாத்தம் தாங்கலண்ணே" என்றான். கொஞ்ச நேரத்தில், "இப்ப நாத்தமே இல்லண்ணே" என்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்து அவன் பேசவில்லை. இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் மூன்று பேர் சேர்ந்து மேலே இழுத்தோம். பிழைத்துக்கொண்டான்.

நான் நினைத்தது எவ்வளவு தவறு என்பது பிறகுதான் தெரிந்தது. கசட்டுக்குள் குமிழ் குமிழாக அடைபட்டிருக்கும் வாயு, கிளறும்போதுதான் மொத்தமாக வெளியே வரும். மூடியை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் அது போகாது. காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாது. 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் அங்கேயே விழுவார்.

பாதுகாப்புச் சாதனம் எதுவும் இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தும் இன்றைக்கும் போனில் கேட்கிறார்கள், "ஆள் இறங்கிச் சுத்தம் பண்ணுவீங்களா?" என்று. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் கசடு இளகியே இருக்கும், ஹோஸே இழுத்துவிடும். பத்து வருடம் விட்டு இறுகவைத்த பிறகுதான் ஆள் கேட்கிறார்கள். துடைத்து எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. அடியில் கொஞ்சம் கசடு கிடந்தால் அது உறை மோர் மாதிரி, அடுத்து வரும் கழிவுக்கு நுண்ணுயிர் அதிலிருந்துதான் பெருகும். புதுத் தொட்டியில் நம் பெரியவர்கள் சாணம் கரைத்து ஊற்றச் சொன்னதும் இதற்காகத்தான்.

வீடு கட்டுகிறவர்களுக்கு, பழைய கொத்தனாராக ஒன்று சொல்கிறேன். ஹோஸ் போகிற அளவுக்கு, தனியாகத் திறக்கிற மூடி வையுங்கள். டைல்ஸ் ஒட்டி மூடிவிடாதீர்கள். வாயு வெளியேற ஏர் பைப்பைக் கூரைக்கு மேல் கொண்டுபோங்கள். மூடி திறந்திருக்கும்போது பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம், மீத்தேன் பற்றிக்கொள்ளும்.

இடம் போதாமல் இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் சுருக்குங்கள். அந்தப் பையன் "இப்ப நாத்தமே இல்லண்ணே" என்று சொன்னதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கழிவுநீர் லாரி ஓட்டுநர்,
திண்டுக்கல்.