34 பேருக்கு ஒரே அக்கா

அன்புள்ள அக்கா,

உங்கள் நம்பரை முதியோர் இல்லத்தில் கேட்டேன், தர மறுத்துவிட்டார்கள். நான் இங்கே எழுதுவதை உங்கள் மகள் போனில் படித்துக் காட்டுவாள் என்று ஒருமுறை சொன்னீர்கள். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அம்மா விழுந்தது பற்றி நான் கொடுத்த புகாருக்கு இல்லத்திலிருந்து பதில் வந்தது: ‘இரவுப் பணியில் அலட்சியமாக இருந்த ஊழியர் நீக்கப்பட்டுவிட்டார்.’ அவ்வளவுதான். படித்ததும் கை கால் ஓடவில்லை. நான் உங்கள் மேல் புகார் கொடுக்கவில்லை அக்கா. ராத்திரிக்கு ஒரே ஆளைப் போட்டவர்கள் மேல் கொடுத்தேன். அவர்கள் அதைத் திருப்பி உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு தளம், 34 பேர், இரவு எட்டு முதல் காலை எட்டு வரை நீங்கள் ஒருவர். வாட்ச்மேன் தாத்தாவைச் சேர்க்க முடியாது, அவரைப் பார்த்துக்கொள்ளவே ஓர் ஆள் வேண்டும். 9 பேர் படுத்த படுக்கை. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். துடைத்து, டயப்பர் மாற்றி, புரட்ட ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றாலே ஒன்றரை மணி நேரம் போய்விடும். மிச்ச அரை மணிக்குள்தான் மற்ற 25 பேரும் பாத்ரூம் போக வேண்டும், தண்ணீர் கேட்க வேண்டும், பயந்துபோய்க் கூப்பிட வேண்டும். கனமான உடம்பைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பதை இதில் நான் சேர்க்கவே இல்லை.

அம்மா பாத்ரூம் வாசலில் விழுந்தபோது நீங்கள் மாடியில் யாரையோ புரட்டிக்கொண்டிருந்தீர்கள். கட்டிலுக்குப் பக்கத்து பெல் பல மாதமாக அடிப்பதில்லை. நாற்பது நிமிஷம் ஈரத் தரையில் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிவு.

எனக்கும் இதில் பங்கு உண்டு. கட்டிலில் தொங்கும் தாளில், ராத்திரி வந்து பார்த்ததற்கு அடையாளமாக 10, 12, 2, 4 மணி என்று நாலு டிக் இருக்கும். நாலும் ஒரே பேனா, ஒரே சாய்வு. விடியற்காலையில் மொத்தமாகப் போட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. கேட்கவில்லை. மாசம் 18,000 ரூபாய்க்கு வேறு இடத்துக்கு எங்கே போவது என்று எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த கிரில் கேட். ஒன்பது மணிக்குப் பூட்டி, சாவியை மேனேஜர் வீட்டுக்கே எடுத்துப் போய்விடுவார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்கு ஏர்வாடி ஞாபகம்தான். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியில்லாமல் 28 பேர் செத்துப்போனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. சங்கிலி போடக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. பூட்டிய கேட்டைப் பற்றிப் பேசும்போது மேனேஜரிடம் இதைச் சொன்னேன். “அது மனநோயாளிங்க இருந்த இடம் மேடம், இங்க எல்லாரும் டீசன்ட் ஃபேமிலி” என்றார். டீசன்ட் ஃபேமிலியில் எத்தனை பேரால் தானாக எழுந்து நடக்க முடியும் என்று கேட்டேன். டீ சொல்லட்டுமா என்றார்.

மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் மறுபடி மனு கொடுத்திருக்கிறேன். முதியோர் உதவி எண் 14567-இலும் பதிவு செய்தேன். இந்த முறை இல்லத்தார், நீங்கள் ஏஜென்சி அனுப்பிய ஆள், தங்கள் ஊழியரே இல்லை என்கிறார்கள். வேலையை விட்டு நீக்கும்போது ஊழியர், பாக்கிச் சம்பளம் என்று வந்தால் ஏஜென்சி ஆள்!

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது அம்மாவின் எக்ஸ்ரே மட்டும். உங்களிடம் அந்த நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. யாரை எத்தனை மணிக்குப் புரட்டினீர்கள், யாரைப் புரட்ட முடியாமல் போனது என்று மகளின் பழைய ஸ்கூல் நோட்டில் எழுதி வைப்பீர்களே, அது. தயவுசெய்து பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.

அம்மாவின் போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அந்த நம்பர் உங்களுக்கு மனப்பாடம். வருவதாக இருந்தால் ஒரு மிஸ்டு கால் போதும், பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன். வர வேண்டாம் என்று தோன்றினால் நோட்டை மட்டும் மகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள்,
கீழ்த்தளம் ஆறாவது கட்டில் அம்மாவின் மகள்