காசிகுண்டில் கை கொடுத்த அண்ணனுக்கு

ஜனவரியில் ஆப்பிள் ஏற்ற ஸ்ரீநகர் போகும் வழியில், பனி கொட்டியதால் காசிகுண்டில் எல்லா லாரிகளையும் நிறுத்திவிட்டார்கள். விடிந்ததும் செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவே இல்லை. சமவெளியில் நிரப்பிய டீசல். குளிரில் அதிலுள்ள மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைத்துவிட்டது. டேங்குக்கு அடியில் தீ மூட்டச் சொல்லி ஒருவர் விறகோடு வந்துவிட்டார்.

அண்ணே, யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்து அந்த விறகைத் தள்ளி வைத்தது நீங்கள்தான். "சும்மா சும்மா செல்ஃப் அடிக்காதே தம்பி, இந்தக் குளிரில் பேட்டரிக்குப் பாதி தெம்புதான்" என்றீர்கள். உங்கள் ஸ்டவ்வில் வெந்நீர் வைத்து, துணியை நனைத்து டீசல் லைனில் சுற்றி, ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே வெண்ணெய் மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது. உங்களிடம் இருந்த புது ஃபில்டரையே போட்டு, விரல் விறைத்துப்போன கையோடு பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் சின்ன பம்ப்) அமுக்கி அமுக்கி லைனில் புகுந்த ஏரை எடுத்தீர்கள். அப்புறம் உங்கள் வண்டி பேட்டரியிலிருந்து கேபிள். பிடித்துக்கொண்டது!

லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்ததையும் உங்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஃபில்டர் காசைக்கூட வாங்காமல், பேரும் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். பேச்சில் நாமக்கல் பக்கம் என்று தெரிந்தது. இந்த அண்ணனைத் தெரிந்தவர்கள் இதை அவரிடம் காட்டுங்கள். அண்ணே, சங்ககிரி வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போகக் கூடாது.