மானிட்டர் ஓரத்து மஞ்சள் சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறிய கிளினிக் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவள் நான். டாக்டர் வீட்டிலிருந்தே நோயாளி விவரம் பார்க்க வேண்டும் என்று, கணினிக்காரர் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான (தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் வசதி) 3389 போர்ட்டை, அதாவது கணினிக்குள் நுழையும் வாசலை, இணையத்துக்கு அப்படியே திறந்துவிட்டுப் போனார். பாஸ்வேர்டு? மானிட்டர் ஓரத்து மஞ்சள் சீட்டில், என் கையெழுத்திலேயே. ஒரு திங்கட்கிழமை காலை, யாரோ வெளியாள் உள்ளே புகுந்ததில் எல்லாக் கோப்புகளும் பூட்டிக் கிடந்தன. பேக்கப் டிஸ்க்கும் அதே கணினியில் செருகியிருந்ததால் அதுவும் போச்சு.

இப்போது மென்பொருள் கிளவுடில், அதாவது இணையம் வழியே வேறொரு நிறுவனத்தின் சர்வரில். உள்ளே போக முதலில் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு, பிறகு கைப்பேசிச் செயலி காட்டும் 6 இலக்க எண். டாக்டர் முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும். ஆனால், கிளவுடுக்குப் போனாலே பாதுகாப்பு என்பது பாதிப் பேச்சு. சர்வரை அந்த நிறுவனத்தார் பார்த்துக்கொள்வார்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை யார் மூடுவது? எங்களிடம் அப்படி 3 கணக்குகள் உயிரோடு இருந்தன.

இப்படிக்கு,
ஒரு கிளினிக் வரவேற்பாளர்